பஸ் டீச்சரும் கட்டைவிரலும்

மனுஷன் தூக்கத்தைக் கெடுப்பதில் பஸ் டீச்சரை மிஞ்ச ஆந்திராவிலும் ஆள் இல்லை, தமிழ்நாட்டிலும் ஆள் இல்லை. கொசு கெடுக்கும், பக்கத்து வீட்டு நாய் கெடுக்கும். கொசுவுக்கு வத்தி உண்டு, நாய்க்குக் கல் உண்டு. நியாயம் பேசிக்கொண்டே கெடுக்கிறவரை என்ன செய்வது?

எங்கள் ஊர் பிச்சாட்டூருக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். ஏறி ஜன்னலில் தலையைச் சாய்த்தால், சத்தியவேடு தாண்டி கம்பெனி கேட் வந்த பிறகுதான் கண்ணைத் திறப்போம். அந்தத் தூக்கம் எங்கள் பிதுரார்ஜிதச் சொத்து. அதில்தான் அந்த அம்மாள் கை வைத்தார்.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் அவர் டீச்சர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை.

எல்லாம் அவர் பெற்றவர்களுக்காகப் போனில் ஆரம்பித்த குரூப்பால் வந்த வினை. பிள்ளைகள் என்ன படித்தார்கள், என்றைக்கு லீவு, என்றைக்குத் தடுப்பூசி என்று எல்லாச் சேதியும் அதில் தெலுங்கில் வரும். நாங்கள் தெலுங்கு பேசுவோம், சந்தையில் தெலுங்கிலேயே சண்டையும் போடுவோம். படிக்கத்தான் தெரியாது. அதனால் எது வந்தாலும் கட்டைவிரல் பொம்மை ஒன்றைத் தட்டிவிடுவோம். மரியாதை தெரிந்தவர்கள் கூடவே ஒரு கும்பிடும் சேர்த்துப் போடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சேதி வந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரம். ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டோம். பேக்கிங் செக்ஷன் செல்வி கட்டைவிரலும் கும்பிடும் போட்டாள். நான் ரோஜாப்பூ போட்டேன் என்று சொல்கிறார்கள். போட்டிருக்கலாம், அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. வந்த சேதி இதுதான்: செல்வியின் மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிக்கொண்டு போகவும்.

மறுநாள் விடியற்காலையில் டீச்சர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“இன்னாம்மா செல்வி, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குதுன்றேன், நீ கட்டவெரல் காட்டறியே!”

“ஐயோ டீச்சர், லீவு வுட்டுட்டாங்கன்னு நெனச்சிக்கினேன்.”

“உங்க தாத்தன் காயிதத்துல கைநாட்டு வெச்சான். நீங்க போன்ல வெச்சிக்கினு கீறீங்க. இன்னா பெரிய வித்தியாசம்?”

பின்சீட்டிலிருந்து யாரோ, “தமிழ்ல போட்டா படிப்போம் டீச்சர்” என்றார்கள்.

“போன வாரம் தமிழ்லதாம்பா போட்டேன். அதுக்கும் கட்டவெரல்தான் வந்துது! சரி, ரோஜாப்பூ வெச்சது யாரு?”

நான் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தினமும் எங்கள் ஊரில் ஏறுவார், நாகலாபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவார். அதற்குள் ஒவ்வொரு சீட்டாக வந்து தட்டி எழுப்பி, அவரவர் பிள்ளையைப் பற்றி ஒப்பிப்பார். சொல்லிவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. நமக்குப் புரிந்ததா என்று பரீட்சை வேறு வைப்பார்.

“உம் பொண்ணு நேத்து கடன் வாங்கிக் கழிக்கக் கத்துக்கினா. எங்க, நீ சொல்லு. அம்பத்திரெண்டுல இருவத்தேழு போனா?”

அரைத் தூக்கத்தில் இருந்த அப்பன் முப்பத்தைந்து என்பான். செல்வி பதினைந்து என்பாள். “இரவை ஐது மேடம்!” என்று முன்சீட்டிலிருந்து தெலுங்கில் இருபத்தைந்தைச் சரியாகச் சொல்பவன் சுப்பு. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்பது பெற்றவர்களைவிட அந்தப் பிரம்மச்சாரிக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பையன் கதிரை இழுத்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“கதிரு ஸ்கூல் தொறந்ததுல இருந்து வாயத் தொறக்கலபா. எழுதறான், ஆனா ஒரு வார்த்த பேச மாட்டேங்கறான்.”

“எம்புள்ளையா? ஊட்டுல அவன் வாய மூட ஆள் வெக்கணும் டீச்சர்!”

“ஊட்டுல பேசி இன்னாபா பிரயோசனம்? கிளாஸ்ல பேசலன்னா அவனுக்கு இன்னா புரிஞ்சிது, இன்னா புரியலன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இப்பிடியே வுட்டா கடைசி பெஞ்சுல ஒக்காந்தே எல்லா கிளாசும் போயிடும்.”

இதைக் காதோடு சொல்லக் கூடாதா? பஸ் பூராவும் கேட்டது. மறுநாளிலிருந்து ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம், “கதிரு பேசினானா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே தலையை ஆட்டி விசாரிப்பார். சுப்பு எனக்காக வெங்கடாசலபதிக்கு வேண்டிக்கொண்டானாம். என் பிள்ளை விஷயம் ஊர் வம்பாகிவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ராத்திரி கதிரிடம், “டீச்சர் பஸ்ஸுல வந்து ஒன்னப் பத்தி சொல்றாங்கடா” என்று கத்துவேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொள்வான்.

கொஞ்ச நாளில் பஸ்களைக் கவனிக்கப் புது சூப்பர்வைசர் வந்தார். வந்த முதல் நாளே டீச்சரைப் பிடித்துவிட்டார்.

“ஐடி கார்டு லேதா? திகண்டி மேடம், திகண்டி!”

வழியில் இறக்கிவிடப் பார்க்கிறார்! எனக்கு வந்ததே கோபம்.

“எங்க டீச்சர எறக்க நீ யாருய்யா? அவங்க கெடுக்கறது என் தூக்கம். ஒனக்கு எங்க நோவுது?”

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. கத்தியும் பலனில்லை. டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். கம்பெனி சட்டமாம். பொல்லாத சட்டம்!

அதற்குப் பிறகு பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. தூங்க வேண்டியதுதானே? ஒருத்தரும் தூங்கவில்லை. “அண்ணா, கதிரு பேசினானா?” என்று செல்வி கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில், “இன்னாடா படிச்ச?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல நைனா” என்பான். எந்தப் பிள்ளைதான் வேறு பதில் சொல்கிறது?

ஒரு நாள் காலையில் நாகலாபுரம் நெருங்கும்போது பின்னாலிருந்து விடாமல் ஹாரன் சத்தம். மொபெட்டில் டீச்சர்! டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். டீச்சர் ஏறவில்லை, சட்டம் அல்லவா. என் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு மூச்சு வாங்கினார்.

“பேசிட்டாம்பா!”

பஸ் மொத்தமும் என் பக்கம் சாய்ந்தது.

“நேத்து கழித்தல் கணக்கு ஒண்ணு வுடாம போட்டான். ஸ்டார் போட்டுக் குடுத்தேன். ஸ்டாரப் பாத்தான், என்னப் பாத்தான். ‘டீச்சர், நீங்கதான் பஸ்ஸுல போறதில்லியே, எங்க நைனாவுக்கு இத யாரு சொல்லுவாங்க?’ன்னு கேட்டாம்பா!”

சுப்பு விசிலடித்தான். செல்வி மூக்கைச் சிந்தினாள். டிரைவர் காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் என்னை அழவைத்துவிட்டாரே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

அந்தக் கோடை லீவில் டீச்சருக்கு நகரி பக்கம் மாற்றல் வந்தது. போயே போய்விட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் விழுந்த சேதியைக்கூட சீட்டு சீட்டாக வந்து சொன்ன மனுஷி, தான் போகிற சேதியை ஒருவரிடமும் சொல்லவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

போன மாதம் புது வாத்தியார் எனக்குத் தனியாக ஒரு சேதி அனுப்பினார். தெலுங்குதான். நான் கட்டைவிரல் போடவில்லை. மறுநாள் பஸ்ஸில் தெலுங்கு படிக்கத் தெரிந்த சுப்புவிடம் நீட்டினேன். அவன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துச் சொன்னான்: “உங்கள் பையன் கிளாசில் ஓயாமல் பேசுகிறான். கண்டிக்கவும்.”

பஸ்ஸே கை தட்டியது. அதை அப்படியே பஸ் டீச்சருக்கு அனுப்பிவைத்தேன். பதிலுக்குச் சாயங்காலம் வரை காத்திருந்தேன். வந்தது.

ஒரே ஒரு கட்டைவிரல்.

எங்களை அந்தப் பாடு படுத்தியவர் செய்கிற வேலையா இது? எனக்கு இன்னும் ஆறவில்லை. போனில் இடமில்லை என்று கல்யாண போட்டோவைக்கூட அழித்துவிட்டேன். அந்தக் கட்டைவிரலை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.