நாலாவது ப்ளக்கின் இடைவெளி

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. நோயாளிகளை மலைக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்கு ஏற்றிப் போவது அதன் வேலை; ஏற்றத்தில் நின்றுவிடுவது அதன் வழக்கம்.

அதன் இன்ஜினில் நான்கு ஸ்பார்க் ப்ளக். ஒவ்வொன்றின் முனையிலும் பொறி தாண்டும் இடைவெளி 0.80 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று காரோடு வந்த புத்தகத்தில் அச்சடித்திருந்தது. காரைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அதைப் பிரித்துப் படித்தது வேலப்பன் என்ற எறும்புதின்னி அழுங்கு மட்டும்தான். மற்றவர்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள்.

ஒரு நாள் ஆளுக்கொரு ப்ளக்கைக் கழற்றினார்கள். கரடி மேஸ்திரி இடைவெளியில் நகத்தை விட்டுப் பார்த்தார். குரங்கு கொண்டையன் வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடியது. பன்றி, ப்ளக்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. மூவரும் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதினார்கள்.

வேலப்பன், தடிமன் குறித்த மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜை எடுத்தது. 0.90 தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. இடைவெளி அகன்றுவிட்டது! நடு முனையைத் தொடாமல், மேலே வளைந்திருந்த கம்பியை மட்டும் தட்டியது; அளந்தது; மறுபடி தட்டியது. ஐந்தாவது தடவை 0.80 தகடு சரியாக உரசியது. ‘இருந்தது 0.90. வைத்தது 0.80’ என்று எழுதியது.

“ஒரு ப்ளக்குக்கு இவ்ளோ நேரமா? குழந்தைக்குக் காது குத்துற மாதிரியில்ல பண்றே!” என்றது கொண்டையன். வேலப்பன் வெட்கப்பட்டுச் சுருண்டுகொண்டது.

மறுநாள் காய்ச்சல்கார முயலோடு போன கார் ஏற்றத்தில் நின்றது. முயல் இறங்கி நடந்தே மருத்துவமனை போய்ச் சேர்ந்தது.

விசாரிக்க ஓணான் அதிகாரி வந்தது. “மூணு பேர் சரின்னு எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏன்யா தப்பை ஒத்துக்கிட்டு எழுதியிருக்கே?”

“தப்பைத் திருத்தினேங்க ஐயா,” என்றது வேலப்பன், சுருண்டபடியே. “என் வேலை போயிடும். மத்த மூணையும் ஒரே ஒரு தடவை அளந்து பாருங்க.”

“எதால அளக்குறது?”

“இந்தக் கேஜாலதாங்க.”

“குற்றம் சாட்டப்பட்டவனோட கருவி சாட்சி சொல்லக் கூடாது,” என்று ஓணான் தலையாட்டியது. மற்ற மூவரும் கூடவே ஆட்டினார்கள்.

வேலப்பனை வாசல் காவல் வேலைக்கு மாற்றினார்கள். 0.80 தகட்டால் மேஸ்திரி காது குடைந்தார். வேலப்பன் பார்த்த நாலாவது ப்ளக்கையும் பன்றியே தட்டி, ‘சரி’ எழுதியது. கார் புறப்பட்டது.

அன்று மாலை வாசல் பதிவேட்டில் வேலப்பன் எழுதியது: ‘போன கார் 1. திரும்பிய கார் 0.’

மேஸ்திரி பதறி ஓடி வந்தார். “மறுபடியும் நம்பரா? பட்டும் புத்தி வரலியா உனக்கு?”

“பின்னே என்ன எழுதணும், மேஸ்திரி?”

“எல்லாரும் எழுதுறதை எழுதித் தொலை!”

வேலப்பன் ஏற்றத்தைப் பார்த்தது. அங்கே பதினேழு மிருகங்கள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவையும் எண்ணிப் பார்த்தது, பதினேழுதான். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, ‘சரி’ என்று எழுதியது.

மறுநாளே பட்டறையில் வேலை திரும்பக் கிடைத்தது: அளவுச் சோதனைத் தலைமை அதிகாரியாக.

நீதி: எதையும் அளக்காதீர்கள், அளந்தால்தானே தப்பாக இருக்கும்.