கொளுக்கி திறந்த ஆடு

"பிடிங்க! கொம்பப் பிடிங்க!"

றாஹிலா விளக்குமாற்றோடு ஓடினாள். ஆடு அவசரப்படவில்லை. பால்மா டின்னில் நட்டிருந்த செடியின் கடைசித் தண்டையும் மென்று விழுங்கி, வெறும் டின்னை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வேலியைத் தாண்டியது.

தறியிலிருந்து எழும்பி வந்த மர்சூக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போயிட்டா?"

"முழுசாப் போயிட்டு. இனி ஒங்கட கல்லுக்கு நான் எதக் கொதிக்க வெக்கிற?"

குவைத்திலிருந்து லீவில் வந்தபோது அவள் கொண்டுவந்த விதை அது. அரபிகள் பக்தூனிஸ் என்பார்கள். வெள்ளைக்காரர் பார்ஸ்லி என்பார்கள். பார்வைக்கு மல்லிக்குத் தம்பி. அவள் வேலை செய்த வீட்டு மெடத்தின் வாப்பாவுக்கு, அதை அவித்துக் குடித்துத்தான் சிறுநீரகக் கல் கரைந்ததாம்.

மர்சூக்கின் கல்லும் கரைய வேண்டும். கரைந்தால்தான் அவள் திரும்பிப் போவாள். போனால்தான் பாதியில் நிற்கும் கூரை முழுசாகும். இப்போதைக்கு மாரி மழை அறைக்குள்ளேயே பெய்துகொண்டிருந்தது.

"இந்த மனிசன நோவோட உட்டுட்டு நான் பிளேன் ஏறமாட்டன்" என்று ஏஜென்சிக்காரனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

நல்லவேளை, வேர் தப்பியிருந்தது. மறுபடி துளிர்த்ததும் டின்னைக் கிணற்றுக்கட்டில் ஏற்றினாள். ஆடு கிணற்றுக்கட்டில் ஏறித் தின்றது.

ஆட்டின் சொந்தக்காரர், பக்கத்து வளவு அதாவுல்லா காக்காவிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"கட்டித்தான் வெச்சிரிக்கன், தங்கச்சி" என்றார் அவர்.

"அப்ப எங்கட வளவுக்க வந்தது ஆட்டுட ஜின்னா?"

மூன்றாம் முறை, துளிர்த்த இலைகளில் மிளகாய்த்தூளைத் தூவினாள். ஆடு அன்றைக்கு வரவில்லை. ஆனால் அவள் இலையைச் சரியாகக் கழுவவில்லை. அதை அவித்த தண்ணீரைக் குடித்த மர்சூக் போட்ட சத்தத்தில் அடுத்த தெருத் தறிகளும் நின்றன. கல் அசையவில்லை, கண்தான் குளமானது.

"இஞ்சேருங்க, அந்த ஆட்ட நான் அறுத்துக் கறியாக்காம உடமாட்டன்!"

"பாவம் புள்ள" என்றான் மர்சூக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாயில்லாத சீவன்."

"வாயில்லாமலா இவ்வளவும் திண்ட?"

கடைசியில் டின்னைக் குசினிக்குள் வைத்துக் கதவுக்குக் கொளுக்கி போட்டாள். இலை கை நிறையச் செழித்தது. இன்று அவிக்கலாம் என்று எண்ணியபடி கல்முனைச் சந்தைக்குப் போய் மீனோடு திரும்பினாள். கொளுக்கி திறந்து கிடந்தது. டின் மொட்டை. ஆடு அடுப்படியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை வேரும் இல்லை. அறைக்குள் மர்சூக் நோவில் சுருண்டு கிடந்தான். கூரை ஒழுகி, அவன் கால்மாட்டில் வைத்த சட்டி நிரம்பிக்கொண்டிருந்தது.

றாஹிலா மீனைக் கீழே வைத்தாள். பிறகு ஏஜென்சிக்கு ஆளனுப்பினாள்: "நான் வரல்ல. வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஆட்டைக் காதில் பிடித்து அதாவுல்லாவின் முற்றத்துக்கு இழுத்துப் போனாள்.

"இந்தாங்க, கொளுக்கி திறக்கிற ஆடு! இதாலதான் என்ட பயணம் போச்சி!"

அதாவுல்லா ஆட்டைப் பார்த்தார். கட்டையில் அறுபடாமல் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

"அது கயித்துலதான் நிக்கிற, தங்கச்சி. நீங்க அங்கால திரும்பினதும் வந்து அவுத்துக் கூட்டிட்டுப் போறது ஒங்கட மாப்புளதான்."