விழிஞ்ஞம் பஸ் விஷயமாக மாமாவுக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்,
12-9-1974

மிகுந்த மரியாதைக்குரிய மாமா அவர்கள் சமுகத்துக்கு, கரமனையிலிருந்து மருமகன் அருமைநாயகம் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உங்கள் மகள் எலிசாள், பேத்தி லில்லி, பேரன் ஜஸ்டஸ் ஆகிய நான்கு பேரும் சுகம். நான்கு பேர் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் தாங்களும் மாமியும் மாடும் சுகமென்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு நேற்று வந்தது. "பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களிடம் பிள்ளைகள் இருக்க வேண்டாம், 21-ந் தேதி சனிக்கிழமை வந்து இரண்டையும் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் நம் ஊர்க்காரன் அந்தத் தாசையன் இங்கே அரைகுறையாகக் கேட்டுவிட்டு அங்கே வந்து சொன்ன கதைதான் என்று தெரிகிறது. ஜஸ்டஸைக் கிழக்கே கோட்டையில் தொலைத்துவிட்டோம், மீன்பிடிக்கிறவர்கள் அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அவன் விழிஞ்ஞத்தில் மீன் திருடித் தின்றுகொண்டிருந்தான் என்றெல்லாம் சொன்னானாம். மாமா, இதில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. பிள்ளையை நாங்கள் தொலைக்கவில்லை, கையில் பிடித்துத்தான் கொடுத்தோம். போனது படகில் அல்ல, பஸ்ஸில். மீன் தின்றது உண்மை, திருடவில்லை, கேட்டு வாங்கித் தின்றான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆரியசாலையில் எங்கள் முதலாளி சாம்பசிவன் அவர்களுடைய மிளகாய் வற்றல், மல்லி மொத்தக் கடையில் காலை ஏழரைக்கு நான் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறக்க முடியும் என்பது தங்களுக்குத் தெரியும். எலிசாளுக்கு டிரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மூன்று மாதமாக மத்தியான டூட்டி, ஒன்றரை முதல் எட்டரை வரை. ஆகவே நாங்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். தினமும் சரியாக ஒரு மணிக்கு, கிழக்கே கோட்டையில் விழிஞ்ஞம் பஸ் நிற்கும் இடத்தில் அவள் ஜஸ்டஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு டூட்டிக்கு ஓடுவாள். நான் அவனைக் கடைக்குக் கொண்டுபோய் மல்லி மூட்டைமேல் படுக்கப்போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். நாலே காலுக்குப் பக்கத்து வீட்டு வடிவம்மாள் லில்லியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு கடை வழியாக வந்து இவனையும் கூட்டிப்போவாள். இதுவரை ஒரு குறையும் இல்லாமல் நடந்த ஏற்பாடு. பையன்மேல் மல்லி வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை திருநெல்வேலியிலிருந்து வற்றல் லாரி பன்னிரண்டே முக்காலுக்கு வந்து நின்றது. முதலாளியிடம் "பிள்ளையை வாங்கப் போகணும்" என்றேன். "இறக்கிட்டுப் போயி வாங்கும், பிள்ளை என்ன கெட்டா போகும்?" என்றார். நான் தும்மிக்கொண்டே பாதி லாரியை இறக்கிவிட்டு ஓடிச் சேரும்போது ஒன்றே கால். எலிசாளும் இல்லை, ஜஸ்டஸும் இல்லை. பையனுக்கு முந்தின நாள் சளி, லீவு போட்டாலும் போடுவேன் என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். சரி, லீவு போட்டுவிட்டாள் என்று நிம்மதியாகத் திரும்பிவந்து மீதி லாரியை இறக்கினேன். உண்மையைச் சொன்னால், அன்று மத்தியானம் எனக்கு வேலை நன்றாகவே ஓடியது.

நாலே காலுக்கு வடிவம்மாளோடு லில்லி வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். "அப்பா, தம்பி எவிடெ?" என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது பாதிக்குமேல் மலையாளம்தான் பேசுகிறாள். "அம்மாகிட்ட" என்றேன். "அம்மா டூட்டிக்குப் போயல்லோ" என்றாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பியதைப் பார்த்ததாக வடிவம்மாளும் சொன்னாள். முதலாளியிடம் கேட்காமலே போனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன்.

"டிரங்க் புக்கிங்" என்றது எலிசாள் குரல்.

"எலிசா, நான்தான். ஜஸ்டஸ் எங்க?"

அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருக்கிறார். வீட்டு விஷயம் பேசினால் மெமோ. அதனால், "எந்த ஊர் வேணும் சார்?" என்றாள்.

"ஊரா? பிள்ளை எங்கன்னு கேக்கேன்."

"பார்ட்டி பேரு சொல்லுங்க சார்."

"ஜஸ்டஸ்!"

"அந்தப் பார்ட்டிய ஒரு மணிக்கே உங்களுக்குக் குடுத்தாச்சே சார்."

"எனக்குக் கிடைக்கல்லியே."

"கையில பிடிச்சுக் குடுத்தேன் சார். சோறு குடுத்தாச்சு, மூக்கு மட்டும் சிந்தி விடணும்னும் சொன்னேன் சார்."

"எலிசா, நான் அங்க வந்ததே ஒண்ணே காலுக்கு."

அப்புறம் அவள் "சார்" சொல்லவில்லை. "அப்ப நான் ஆருகிட்ட குடுத்தேன்?" என்று அவள் கத்தியது எனக்குப் போன் வழியாகவும், ஹால் முழுவதற்கும் நேராகவும் கேட்டிருக்கிறது. ஆறு வருஷ சர்வீஸில் முதல்முறையாக மாற்று ஆள் வராமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கிழக்கே கோட்டையில் நானும் அவளும் லில்லியும் ஓடி ஓடி விசாரித்தோம். கடலை விற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ள சட்டையும் குடையும் ஆயிட்டு ஒராள் கொச்சினேயும் கொண்டு விழிஞ்ஞம் பஸ்ஸில் கேறி. அது நிங்ஙள் தன்னே அல்லே?" என்றார். பாருங்கள் மாமா, பிள்ளையோடு பஸ் ஏறிய யாரோ ஒருவரை, தினமும் என்னைப் பார்க்கிற மனுஷனே நானென்று நினைத்திருக்கிறார். எலிசாள்மேல் என்ன தப்பு? பஸ் பிடிக்கிற அவசரத்தில், என் உயரத்தில் என்னைப்போல் குடையைக் கக்கத்தில் இடுக்கி முதுகு காட்டி நின்ற ஒருவர் கையில் பிள்ளையின் கையை வைத்திருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் என்னை அதிகமாகப் பார்த்திருப்பது முதுகுப் பக்கம்தான். காலையில் நான் கிளம்பிப் போகும் முதுகு, ராத்திரி படுத்துத் தூங்கும் முதுகு.

லில்லியையும் கூட்டிக்கொண்டு விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினோம். எலிசாள் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தால் ஞாபகம் வரவில்லை. பாதி வழியில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மீசைய எப்ப எடுத்தீங்க?"

"ஈஸ்டருக்கு."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டு அப்புறம் வந்தார்.

விழிஞ்ஞத்தில் பஸ் நின்றதும் இறங்கித் தேட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. நேர் எதிரே, கடையோரத்தில் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் மடியில் ஜஸ்டஸ், கையில் பொரித்த மீனோடு. அவர் பெயர் யோசுவா. நம் பக்கத்து ஆள்தான், துறைமுகக் கட்டுமானத்தில் கல் வேலை. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கூட்டத்தில் கைக்குள் ஒரு சின்னக் கை வந்தது, பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி ராஜபாய் எண்ணிப் பார்த்து, "நமக்கு நாலுதானே உண்டு, இது ஏது அஞ்சாவது?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

"என்னைத் தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி" என்றார் யோசுவா. "காலத்த ஆறு மணிக்குப் போனா வீடு வந்து சேர ராத்திரி ஒம்பது ஆவும். எனக்க பிள்ளையள நான் படுத்துக் கெடக்கும்போதுதான் பாத்திருக்கேன். நீளத்த வச்சுதான் அடையாளம் தெரியும். எழும்பி நின்னா எனக்குக் கொழப்பம்."

எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று முயன்றும் பார்த்தேன்.

பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்க அவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். "மக்களே, உனக்க அம்மை பேரென்ன?" என்று ராஜபாய் கேட்டதற்கு "டூட்டி" என்றானாம். "அப்பன்?" என்றதற்கு "கடை." இதை வைத்து யாரைத் தேட முடியும்? தேடி வருகிறவர்கள் பஸ்ஸில்தானே வருவார்கள் என்று, யோசுவா சாயங்கால வேலைக்குப் போகாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எலிசாளைக் கண்டதும் ஜஸ்டஸ் "டூட்டி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். ராஜபாய் என்னைக் காட்டி, "இது ஆரு?" என்றாள். பையன் நிதானமாகப் பார்த்து, "கடை" என்றான். அவள் திருப்தியோடு தலையை ஆட்டி எனக்கும் பிள்ளையைத் தொட அனுமதி கொடுத்தாள்.

மாமா, அன்றோடு எல்லாம் சீராகிவிட்டது. எலிசாள் மாறி மாறி வரும் டூட்டி வேண்டாம், ஒரே நேரத்தில் நிரந்தர டூட்டி வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறாள். கிடைக்கும் என்கிறார்கள். நானும் முதலாளியிடம் நேருக்கு நேர் நின்று, "ஒரு மணிக்கு என்னை விட்டாகணும்" என்றேன். "சரி, விடலாம்" என்று சொல்லிவிட்டார். இனிமேல் பிள்ளைகளோடு இருக்க எங்களுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகையால் தாங்கள் 21-ந் தேதி வரவேண்டியதில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டியதே இல்லை. வயதான காலத்தில் தங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்?

மாமிக்கு எங்கள் நால்வரின் ஸ்தோத்திரம். தாசையனைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். தங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
அருமைநாயகம்

பின்குறிப்பு (14-9-74, சனி): இதைத் தபாலில் சேர்க்க இரண்டு நாளாக நேரம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் எலிசாள் மனு பாஸாகிவிட்டது. நிரந்தர டூட்டிதான்: காலை ஆறு முதல் பத்து வரை, மறுபடி மாலை நாலு முதல் எட்டு வரை. முதலாளி என்னை ஒரு மணிக்கு விடுவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்காம். இதுவரை ஞாயிறு முழு நாளும் லீவாக இருந்தது. எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல், 21-ந் தேதி முதல் பஸ்ஸிலேயே தாங்களும் மாமியும் புறப்பட்டு வரவும். பிள்ளைகளைக் கொண்டுபோவதற்கு அல்ல, இங்கே எங்களோடு இருப்பதற்கு. ஒரு மாதத்துக்கான உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டை விற்றுவிட்டு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.