முயல் படத்துக்குப் பயந்த பாய்லர் அண்ணன்

தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் இதுவரை எத்தனையோ அரக்கர்கள் செத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்காகவும் மனமார வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பாய்லர் அண்ணன்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். திருப்பூரில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்த கம்பெனியில் அதை யாரும் கேட்டதில்லை. குழந்தைகளுக்கான பனியனும் பைஜாமாவும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. அயர்ன் மேஜைகளுக்கு நீராவி அனுப்பும் பாய்லரை அவர் பார்த்துக்கொண்டார். அதனால் பாய்லர் அண்ணன். நிலைப்படியில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது, அப்படி ஒரு உடம்பு. அதற்குத் தோதான மீசை. லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள் கேட்டில் அவரைப் பார்த்ததும் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

முதன்முதலாக அவரோடு படம் பார்த்தது ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. முதலாளி ஆபீஸையும் அயர்ன் செக்‌ஷனையும் சேர்த்து ஒரு மாயாஜாலப் படத்துக்கு அனுப்பியிருந்தார். மலைக்குகையில் ஏழு தலை அரக்கன் ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து வைத்திருக்கிறான். அவன் ஏழு வாயையும் ஒன்றாகத் திறந்தபோது அரங்கமே அலறியது. எங்கள் அக்கவுண்டன்ட் சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தவர் இடைவேளைக்குத்தான் நிமிர்ந்தார். பாய்லர் அண்ணன் மட்டும் நிதானமாக என் பக்கம் சாய்ந்தார்.

“ஏனுங்க அம்மிணி, அவரு சோத்துக்கு என்னங்க பண்ணுவாரு?”

“யாருங்கண்ணா?”

“அந்தப் பெரியவருங்க. சுத்தியும் ஒரு காடு தோட்டம் இல்லீங்க, வெறும் பாறையா இருக்குது. ஏழு வாய்க்கு யாரு ஆக்கிப் போடறது?”

அதோடு எனக்கு அரக்கன் மேலிருந்த பயம் போய்விட்டது. பட்டினி கிடக்கிற ஆளைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

கொஞ்ச நேரத்தில் கதாநாயகன் வாளோடு குகைக்குள் பாய்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

“அடுத்தவங்க ஊட்டுக்குள்ள இப்படிப் பூந்தா யாருக்குத்தானுங்க கோவம் வராது? கதவத் தட்ட வேண்டாமுங்களா?”

“குகைக்கு ஏதுங்கண்ணா கதவு?”

“ஒரு கொரலாச்சும் குடுக்கோணுமில்லீங்க.”

கதாநாயகன் குரல் கொடுக்காமலே தலைகளை வெட்ட ஆரம்பித்தான். ஆறாவது தலை உருண்டபோது பாய்லர் அண்ணன் எழுந்து நின்று, கைகூப்பாத குறையாக, “சாமி, ஒண்ணாச்சும் உட்டுப்போடுங்க” என்றார். பின்னால் இருந்தவர்களுக்குத் திரை மறைந்துபோனதால் ஏழாவது தலை விழுந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை.

சரி, பேய் பிசாசுக்கு இரங்குகிற மனிதர், சாதுவான படம் என்றால் ஆனந்தமாகப் பார்ப்பார் என்று நினைத்தோம். அதுதான் தப்புக்கணக்கு.

கட்டிங் மாஸ்டர் ரஃபி அண்ணன் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு கார்ட்டூன் படம் போட்டார். வெள்ளை முயல், குட்டி முயல், பச்சைப் புல்வெளி, பட்டாம்பூச்சி. பாய்லர் அண்ணன் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இந்த அம்மா எப்பங்க சாகும்?”

“ஏனுங்க, நல்லாத்தான விளையாடிட்டு இருக்குது” என்றார் ரஃபி.

“அதுதானுங்க பயமே. பேய்ப் படத்துல முன்னாடியே சொல்லிப்போடுவானுங்க. இடி இடிக்கும், நாய் ஊளையிடும், நாமளும் ஒரு தயாருல இருக்கலாம். இந்த மொசல் படத்துலதானுங்க பூவக் காட்டிப் பாட்டுப் பாடி, நம்ப வெச்சுக் கழுத்தறுப்பானுங்க.”

ரஃபி சிரித்தார். சரியாக அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு பருந்து இறங்கியது.

சாப்பாட்டு நேரம் முடிந்தும் பாய்லர் அண்ணன் வேலைக்குத் திரும்பவில்லை. பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நீராவி இறங்கிப்போய் அயர்ன் மேஜைகள் ஒவ்வொன்றாக ஆறின. புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடிவந்தார்.

“பாய்லர் ஏன்யா நின்னுச்சு?”

“ஒரு மொசல் செத்துப்போச்சுங்க சார்” என்றார் ரஃபி.

மேனேஜர் பதறிப்போனார். “பாய்லருக்குள்ளயா?”

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நாங்கள் தைத்தவை குழந்தைகளின் உடுப்புகள். நெஞ்சில் ஒரு பென்குவின் குஞ்சோ யானைக்குட்டியோ தனியாக நின்று சிரிக்கும். சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அயர்ன் பக்கம் போனால் போதும், “இதோட அம்மா எங்கீங்க?” என்று வந்துவிடுவார். “முதுகுப் பக்கம் இருக்காங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, அவர் திருப்பிப் பார்ப்பதற்குள் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் நாங்கள் பெண் பார்த்தோம்.

நாற்பதைத் தாண்டியவர். மடத்துக்குளத்திலிருந்து சொந்தக்காரர்கள் பார்த்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப்போயின. என் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் ஜெயக்கொடி அக்கா இருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், வேறொரு கம்பெனியில் டெய்லர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தனக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது என்பதை அழாமல், சிரிக்காமல் சொல்லக்கூடியவர். நான் பாய்லர் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

“டீக்கடையில அஞ்சு நிமிசம் உக்காந்தா எல்லா ஆம்பளையும் நல்லவந்தான். ஒரு படத்துக்குப் போவோம். மூணு மணி நேரத்துல ஆளு தெரிஞ்சிரும்.”

நானும் ரஃபி அண்ணனும் எந்தெந்தப் படம் ஓடுகிறது என்று தேடினோம். அந்த வாரம் இரண்டு படங்கள்தான் ஓடின. ஒன்று, குழந்தைகளைப் பிடித்து விழுங்குகிற சூனியக்காரன் கதை. இன்னொன்று, கரடிக்குட்டி வருகிற அனிமேஷன் படம். சூனியக்காரனே மேல் என்றேன் நான்.

“பொண்ணு பாக்கற எடத்துல உக்காந்துட்டு, கொழந்தையத் திங்கறவனுக்கு வக்காலத்து வாங்குனா நல்லாருக்குங்களா?” என்றார் ரஃபி.

நாங்கள் முடிவெடுப்பதற்குள் ஜெயக்கொடி அக்காவே கரடிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ரஃபி அண்ணன் பாய்லர் அண்ணனைத் தனியாக அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினார். “வாயே தொறக்கக் கூடாதுங்க. அழுகாச்சி வந்தா பாப்கார்ன் போட்டு அடைச்சுக்கோங்க.”

அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் நாங்கள் காவலுக்கு உட்கார்ந்தோம். படம் தொடங்கியது. ஆற்றங்கரை, வண்ண வண்ணப் பூக்கள். தாய்க் கரடி பாட ஆரம்பித்தது. பாய்லர் அண்ணனின் முதுகு விறைத்தது. பாப்கார்ன் நொறுங்கும் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. தாய்க் கரடி இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது பாப்கார்ன் தீர்ந்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் வந்தது.

அண்ணன் எழுந்துவிட்டார்.

“ஏனுங்கம்மா, தண்ணி வருதுங்க. மேல ஏறிக்கோங்க.”

தாய்க் கரடி காதில் வாங்கவில்லை. குட்டியைக் கரைக்குத் தள்ளிவிட்டு வெள்ளத்தோடு போனது. அண்ணன் சீட்டில் விழுந்து விம்மினார். பாய்லரில் வால்வைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதது. அதைப் பார்த்து அடுத்தது. அரை நிமிடத்தில் அரங்கத்தில் இருந்த குழந்தைகள் அத்தனையும் அழுதன. ஒரு தாய் திரும்பிப் பார்த்து, “நாங்கதான் கொழந்தைங்களக் கூட்டிட்டு வந்தோம், உங்களுக்கு என்னங்க?” என்று கேட்டார்.

ஜெயக்கொடி அக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

“முடிஞ்சுதுங்க மேடம்” என்றார் ரஃபி.

பாய்லர் அண்ணன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்து சீட்டைப் பார்த்தார். அப்புறம் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அழுகையும் நின்றுவிட்டது. அந்தப் பெரிய கைகள் இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கரடிக்குட்டியை விட அந்த முதுகைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். ஜெயக்கொடி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை, இன்னொரு கையில் புதுப் பாப்கார்ன்.

“மூஞ்சியத் தொடைங்க.”

“நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேனுங்க.”

“எங்கிட்டுப் போக? அந்தக் குட்டி என்ன ஆகுதுன்னு பாக்க வேணாமா?”

“குட்டி பொழச்சுக்குமுங்க. குட்டி எப்பவும் பொழச்சுக்கும். அம்மாதானுங்க பாவம்.”

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “உங்கம்மா இருக்காகளா?”

நானும் ரஃபியும் முன்னால் சாய்ந்தோம். இத்தனை நாள் விளங்காத மர்மம் இப்போது விளங்கப்போகிறது.

“நல்லா இருக்கறாங்க. நேத்துக் காலையில கூடப் போன்ல திட்டுனாங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் பாப்கார்ன் பாதி கீழே கொட்டியது. “அடுத்த வாரம் அந்தச் சூனியக்காரன் படத்துக்குப் போவோம். அதுலயாச்சும் அழுகாம இருப்பீகளா?”

அண்ணன் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னார். “அவரச் சாகடிக்காம இருந்தா இருப்பனுங்க.”

அவிநாசிக் கோயிலில் கல்யாணம். தாலி கட்டும்போது மாப்பிள்ளை அழுவார் என்று கம்பெனியே காத்திருந்தது. அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அழுதது ரஃபி அண்ணன்தான்.

பிறகு வேறு வேலை கிடைத்து நான் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். போன வருஷம் என் அம்மா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து நான் அறையிலேயே அடைந்து கிடந்தபோது ஜெயக்கொடி அக்கா போன் செய்தார். “ஞாயித்துக்கெழம இங்கிட்டு வா. ஒரு பொம்மைப் படம் வந்திருக்கு, அணில் படமாம். மூணு பேரும் போவோம்.”

போனேன். மதியக் காட்சிக்குத் தியேட்டர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாய்லர் அண்ணன் போஸ்டரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் படம் வேண்டாமுங்க அம்மிணி. நல்லா இல்லீங்களாமா.”

“யாருங்கண்ணா சொன்னது?”

அவர் போஸ்டர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அக்காதான் பதில் சொன்னார். “காலைக் காட்சிக்கு அவுகளே தனியாப் போயிப் பாத்துட்டு வந்துட்டாக. அதுல அம்மா சாகுதான்னு உனக்கு மொதல்லயே பாத்துச் சொல்லணும்னு.”

அப்போதுதான் கவனித்தேன். அவர் கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

“பக்கத்துத் தியேட்டர்ல ஒரு பேய்ப் படம் ஓடுதுங்க” என்றார். “அங்க போனா நிம்மதியா உக்காரலாமுங்க.”