மாப்பிள்ளை ஊதிய சுனை

புது மாப்பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. வயிறு நிறைந்து, செய்ய வேலையும் இல்லாவிட்டால் அவன் எதையாவது விளக்க ஆரம்பிப்பான். நான் சுனை எப்படி உருவாகிறது என்று விளக்கினேன்.

எங்களுக்குத் திருச்செங்கோடு. அப்பாவுக்குப் போர் போடும் ரிக் வண்டித் தொழில். நான் படித்தது ஜியாலஜி. (படிப்புக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உள்ள ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான் என்ற பெருமை வேறு.) கல்யாணமாகி முதல் ஆடிக்குக் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன்.

அவர் தோட்டத்தின் மேல்கோடியில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில், பாறைப் பள்ளத்தில் ஒரு சுனை உண்டு. கரையில் நட்டிருக்கும் ஏழு கற்கள்தான் கன்னிமார். ஆடிப் பதினெட்டு அன்று அந்தச் சுனைத் தண்ணீரில்தான் பொங்கல் வைக்க வேண்டும், வேறு தண்ணீர் ஆகாது. அந்த வருடம் சுனை சுருங்கிவிட்டது. குடத்தைப் படுக்க வைத்துத்தான் மொள்ள முடிந்தது. போர்த் தண்ணீரில் பொங்கல் வைத்தவன் என்ற பெயர் தன் தலையில் விழுமோ என்ற கவலையில் மாமனார் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

நான் வடையைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினேன். இந்த மலை ஒரு காலத்தில் பூமிக்குள் ஆழத்தில் கிடந்த பாறை. உள்ளே இருந்த அழுத்தம் மேலே தள்ளியதில் அதன் உடம்பெல்லாம் வெடிப்பு விழுந்தது. உச்சியில் பெய்யும் மழை அந்த வெடிப்புகளில் இறங்குகிறது. வெடிப்பில்லாத பாறை குறுக்கே வந்தால் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் வெளியே வருகிறது. வந்த இடத்தில் பள்ளம் இருந்தால் அதுதான் சுனை. இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மாமனார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாஞ் சரிங்க மாப்பிள்ளை. இப்பத் தண்ணி வருமுங்களா?”

வரும் என்றேன். தண்ணீர் குறைந்த போருக்குள் கம்ப்ரசரால் காற்றை ஊதி அடைப்பை எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம், ஃபிளஷிங் என்போம். எங்களுக்கு அது சர்வரோக நிவாரணி. சுனை என்பது படுத்திருக்கிற போர், அவ்வளவுதான் என்று மாமனாரைத் தேற்றினேன். யாரும் கைவைக்காத இடம், வேண்டாம் என்றாள் என் மனைவி கோமதி. நீ படித்தது பி.காம் என்று ஞாபகப்படுத்தினேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை, பக்கத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த டிராக்டர் கம்ப்ரசரைக் கூட்டிவந்து, ஹோஸைப் பாறை இடுக்கில் செருகி ஊதினோம். சேறு வந்தது, அதன் பிறகு தண்ணீர் பீறிட்டு வந்தது. மாமியார் கன்னிமாரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நான் அதைத் தடுக்கவில்லை.

பிறகு சுனையின் அடியில் களக் களக் என்று ஒரு சத்தம் கேட்டது. அடியிலும் ஒரு வெடிப்பு இருந்திருக்கிறது. காலகாலமாகப் படிந்த களிமண் அதை அடைத்துத்தான் அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. நான் ஊதிய காற்று அந்த அடைப்பையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டது. வந்த தண்ணீரும் போய், இருந்த தண்ணீரும் போய், பள்ளத்தில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்திருந்தது.

போன தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கீழே பழனியப்பன் வாழைத்தோட்டத்து மேட்டில் புதிதாக ஊற்று கிளம்பியிருப்பதாக ஆள் வந்து சொன்னார். பழனியப்பன் மாமனாரின் பங்காளி. வண்டித்தடத் தகராறில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கே அவர் வரவில்லை.

மாமனார் பாறைமேல் உட்கார்ந்தார்.

“சொனையும் வேணும்னு நிச்சயத்தன்னைக்கே கேட்டிருந்தா, பொண்ணோட சேர்த்துக் குடுத்திருப்பனுங்களே மாப்பிள்ளை.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் பொங்கலுக்குத் தண்ணீர் வேண்டும். பங்காளியிடம் கேட்டு மாமனார் வீட்டில் யாரும் போக மாட்டார்கள். புதுவேட்டியோடு, பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பழனியப்பன் ஊற்றடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார்.

“எடுத்துக்குங்க மாப்பிள்ளை. நீங்க உட்ட தண்ணிதானுங்களே.”

மேலே கன்னிமாருக்குப் பொங்கல் பொங்கியது. ஒரு தூக்குப்போசி நிறையப் பழனியப்பனுக்கும் போனது, என் கையில்தான்.

சுனை திரும்பவே இல்லை. ஒவ்வொரு ஆடிக்கும் கீழிருந்து குடம் சுமப்பவன் நான். பங்காளிகள் இருவரும் இன்னும் நேரில் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் குடத்தோடு என்னிடமே கொடுத்தனுப்புகிறார்கள். வீட்டில் குழாய் ஒழுகினால் கோமதி முதலில் என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பிளம்பரைக் கூப்பிடுகிறாள்.

போன ஆடியில் குடத்தைத் தூக்கிவிடும்போது பழனியப்பன் என் காதோரம் சொன்னார்.

“மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சொனை இருக்குதாமுங்க. நீங்க எப்ப ஊதப் போறீங்கன்னு சொன்னீங்கன்னா, நான் முன்னாலயே கீழ கொஞ்சம் நெலம் வாங்கிப் போட்டுக்குவனுங்க.”