செம்மண் சார் ஜெயிக்க வேண்டிய ஓர் ஆட்டம்

சென்னைக்குப் பிழைக்க வந்தவர்கள் உண்டு. படிக்க வந்தவர்கள் உண்டு. டிசம்பர் கச்சேரி கேட்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள்கூட உண்டு. ஆனால் தோற்றுப்போன ஆத்திரத்தில் இந்த ஊரிலேயே குடியேறிய மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் செம்மண் சார்.

அவருடைய நிஜப் பெயர், நாலைந்து பேரின் பெயர்களை ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். மந்தைவெளியில் இருக்கும் எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதைப் பெயர்ப் பலகையில் எழுதிவிட நான் ஒருமுறை முயன்றேன். பலகை போதவில்லை. 'செம்மண்' என்று எழுதிவிட்டோம், அவருக்கும் அது பிடித்துவிட்டது. சொந்த ஊர் பராகுவே. தென் அமெரிக்காவில் அப்படி ஒரு தேசம் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இளவயதில் அவர் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர். சிவப்புக் களிமண் தரையில் ஆடினால் பெரிய கைகளையெல்லாம் திணறடித்திருக்கிறார். களிமண்ணில் ஓடக்கூடாது, சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுக்க வேண்டும் என்பார். அந்தச் சறுக்கலில் அவர் மன்னன். சென்னையில் நடந்த போட்டிகளிலோ சிமெண்டுத் தரை. பழக்கதோஷத்தில் இங்கேயும் சறுக்குவார். சிமெண்டில் சறுக்கினால் என்ன ஆகும்? முட்டி பெயரும். வந்த ஒவ்வொரு முறையும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியிருக்கிறார்.

கடைசியாக ஆட வந்து தோற்ற அன்று சாந்தோம் மாதா கோயிலில் உட்கார்ந்து விசும்பியிருக்கிறார். பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் கைக்குட்டையை நீட்டினார். அவர்தான் ஸ்டெல்லா டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. அடுத்த வருடமே கல்யாணம். மனைவியைப் பராகுவே கூட்டிப்போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளை ஒரு சபதம் போட்டுவிட்டார். இந்த ஊரில் ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும். ஜெயித்த மறுநாள் விமானம்.

அந்த விமானம் இன்னும் கிளம்பவில்லை. தலை நரைத்தது, டீச்சர் பணி ஓய்வு பெற்றார், கிண்டியிலும் பாலவாக்கத்திலும் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பயிற்சி கொடுத்தே செம்மண் சாரின் காலம் ஓடியது. எந்தப் போட்டியில் பெயர் கொடுத்தாலும் முதல் சுற்றில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஆள் மட்டும் அசரவில்லை.

"பெரிய பெரிய ஆளுங்ககிட்டல்லாம் அடி வாங்கிகீறேன் நைனா. ஒரு தபா ஜெயிக்காம வுட மாட்டேன்" என்பார்.

பேச்சைக் கவனித்தீர்களா? வீட்டில் தமிழ் டீச்சர் இருக்க, மனிதர் தமிழ் கற்றது ஆட்டோ ஸ்டாண்டில். வாயைத் திறந்தாலே டீச்சர் பிழை திருத்துவாராம். ஸ்டாண்டில் யாரும் திருத்துவதில்லை, டீயும் வாங்கிக் கொடுப்பார்களாம். "பள்ளிக்கூடம் முழுக்க வல்லினம் மெல்லினம் திருத்தினேன் சார். வீட்டுல மட்டும் தோத்துட்டேன்" என்று டீச்சர் என்னிடம் நொந்துகொண்டார்.

எங்கள் வளாகத்தில் பிளந்துபோன பழைய சிமெண்டு டென்னிஸ் தரை ஒன்று உண்டு. அதில் வருடாவருடம் மார்கழியில் மூத்தோர் போட்டி நடக்கும். பெயர்தான் போட்டி, செம்மண் சாரையும் சேர்த்து ஆடுவது ஐந்தாறு பேர். அவரைத் தவறாமல் தோற்கடிப்பவர் பேங்க் மாமா. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பழக்கமோ என்னவோ, எந்தப் பந்து வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு சங்கக் கூட்டத்தில் செம்மண் சார் எழுந்து நின்றார். சிமெண்டை மூடி மேலே களிமண் தரை போட வேண்டும், வேலை முழுக்கத் தன்னுடையது என்றார். "தரை ஷோக்கா இருக்கும். வுழுந்தாலும் வலிக்காது. பந்து எங்க பட்ச்சினு தடம் சொல்லும், சண்டையே வராது" என்று அவர் பேசிய அழகில் சிரித்துக்கொண்டே எல்லோரும் கையைத் தூக்கிவிட்டோம். பிறகு சிரிக்கவில்லை.

களிமண் தரை என்று பெயரே தவிர, அது செங்கல் தூள். அதற்கும் சாதாரணச் செங்கல் ஆகாது. மயிலாப்பூரில் எங்கே பழைய வீடு இடித்தாலும் இவர் போய் நிற்பார். ஒரு கல்லை எடுத்து முகர்ந்து பார்ப்பார், உடைப்பார், தூளை நாக்கில் வைத்துப் பார்ப்பார். வீடு இடிப்பவர்கள் பயந்துபோய், கேட்ட கல்லையெல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். ராயப்பேட்டை மாவு மில் ஒன்றில் செங்கல்லை அரைத்துத் தரச் சொல்லிக் கேட்டு, துரத்தப்பட்டிருக்கிறார். கடைசியில் உலக்கையால் அவரே இடித்தார். எங்கள் மதியத் தூக்கம் போயிற்று.

தரை போட்டாயிற்று. தினமும் தண்ணீர் தெளிக்காவிட்டால் தூளாகப் பறக்குமாம். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் மண்ணுக்குத் தண்ணீரா என்று எதிர்ப்பு கிளம்பியது. மனிதர் மறுநாளே ஒவ்வொரு வீட்டு ஏசிக் குழாய்க்கும் கீழே ஒரு பக்கெட் வைத்தார். சொட்டுகிற தண்ணீர் அவ்வளவும் தரைக்கு. ஏப்ரலில் யாராவது ஏசியை அணைத்தால் கீழேயிருந்து குரல் வரும்: "இன்னா சார், போடு சார்! தரை காஞ்சி கீது!"

அப்படியும் தூள் பறந்தது. காயப்போட்ட வேட்டிகள் காவியாயின. கார்கள் எல்லாம் ஒரே நிறமாயின. போதாததற்கு, ஆட்டம் முடிந்தால் ஆடியவர்களே ஆளுயரச் சாக்கை இழுத்துத் தரையைச் சமன் செய்ய வேண்டும் என்று சட்டம் வேறு போட்டார். "எங்க ஆத்துலயே நான் துடைப்பத்தைத் தொட்டதில்லை. இங்க வந்து பெருக்கிண்டு நிக்கணுமா?" என்று பேங்க் மாமா எகிறினார். செம்மண் சார் சாக்கின் ஒரு முனையை அவர் கையில் திணித்தார்.

போன மார்கழியில்தான் கட்டடம் ஒரு முடிவுக்கு வந்தது. சபதப்படி ஒரு மேட்ச் ஜெயித்தால் அவர் பராகுவே போய்விடுவார், வேட்டிகள் வெளுக்கும். மாமா தோற்றுவிட வேண்டியது. மாமாவும் சரி என்றார். டீச்சருக்கு மட்டும் கலக்கம். "அவர் ஜெயிச்சா நானும் கிளம்பணுமே. இந்த வயசுல பராகுவேல யாருக்குப் புணர்ச்சி விதி நடத்துறது?" என்றார். ஞாயிறு பூசையில் ஒரே பெஞ்சில் முழந்தாளிட்டு, கணவர் ஜெயிக்க வேண்டும் என்றும் மனைவி அவர் தோற்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். மாதா பாடு திண்டாட்டம்தான்.

ஆட்டத்தன்று விடிந்ததும் இறங்கிப் போனால், தரை முழுக்கக் கோலம். பெரிய தேர், இரண்டு மயில், நடுவில் பூசணிப்பூ. வளாகம் பெருக்கும் கஸ்தூரி இடுப்பில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வாசலில் போடுகிறவள்தான். இவ்வளவு பெரிய சிவப்புத் தரை ஈரமாகக் கிடந்ததும் கை துறுதுறுத்துவிட்டது.

"இன்னா கஸ்தூரி இது?" என்று அலறினார் செம்மண் சார்.

"இன்னாவா? மார்கழி மாசம், தரைய செவசெவன்னு மெழுகி வச்சிக்கினு கோலம் போடாம வுட்டா வெளங்குமா? நீயும் கோடு கோடா போட்டு வச்சிகீற. எனுக்குப் பொறுக்கல, முடிச்சுக் குட்த்தேன்."

அவர் கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ஷோக்கா கீது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு சாக்கை எடுத்தார். அரிசி மாவுக்கு வந்த காக்கைகளை விரட்டிக் கோடுகளைத் திரும்பப் போட்டு முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது. ஒரே ஒரு செட் ஆட்டம். நடுவர் ஸ்டூலில் நான்.

மாமா சொன்னபடி பந்தை வெளியே அடிக்க ஆரம்பித்தார். பாவம், வாழ்நாளெல்லாம் உள்ளே அடித்த கை. வெளியே போக வேண்டிய பந்தெல்லாம் கோட்டை உரசிக்கொண்டு விழுந்தது. நாங்கள் "அவுட்!" என்று கத்துவோம். செம்மண் சார் போய்க் குனிந்து தடத்தைப் பார்த்து, விரலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "உள்ள! மாமாக்கு பாயிண்ட்" என்பார். தோற்க முயன்ற மாமா நாலுக்கு ஒன்று என்று முன்னணியில் நின்றார். பொறுமை போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை ஓங்கி அடித்தார். அது இரண்டாம் மாடியில் டீச்சர் வீட்டுப் பால்கனியில் விழுந்தது.

செம்மண் சார் அண்ணாந்து பார்த்தார். மாமாவைப் பார்த்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"இத்தினி வருஷமா தோத்துக்கினே கீறேன் மாமா" என்றார். குரல் உயரவே இல்லை. "எவனும் எனுக்கு ஒரு பாயிண்ட் பிச்சை போட்டதில்ல. நீயும் போடாத. மொதல்லேர்ந்து ஆடு."

மாமா தலை குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். ஸ்கோர் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கியது.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம். அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு மனிதர் மூலைக்கு மூலை சறுக்கினார். சிவப்புப் புழுதிக்குள் மறைவார், பந்து மட்டும் வெளியே வரும். மாமா எல்லாவற்றையும் திருப்பினார். வேட்டி காவியான கோபமெல்லாம் மறந்து நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தோம். ஆறுக்கு ஐந்து என்று மாமா முன்னே போனார். வெயில் ஏறி, இருவருக்கும் கால் பின்னியது. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் மாமாவுக்கு என்ற நிலையில், மாமா வலைக்கு அந்தப்பக்கம் மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டார். செம்மண் சார் கோட்டிலிருந்து வலை வரை ஒரே சறுக்கு. பந்து மட்டையில் பட்டு மாமா பக்கம் வந்தே விட்டது. எடுத்துவிட்டார் என்று நாங்கள் குதித்தோம்.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். விரலால் ஒரு வட்டம் போட்டார். பக்கத்திலேயே இன்னொரு வட்டமும் போட்டார்.

"நான் எடுக்கறதுக்குள்ள தரையில ரெண்டு தபா பட்ச்சி. மாமா ஜெயிச்சிகீது" என்று சொல்லி வலையைத் தாண்டிக் கையை நீட்டினார். பிறகு சாக்கை எடுக்கப் போனார்.

நான் மாமாவை ஓரமாக இழுத்தேன். "என்ன மாமா இது? அவர் கேட்டதுக்காக ஒழுங்கா ஆடினது சரி. கடைசிவரைக்கும் அப்படி உயிரைக் குடுத்து அடிக்கணுமா? ஜெயிச்சிருந்தா அவர் ஊருக்குக் கிளம்பியிருப்பாரே."

மாமா முகத்தைத் துண்டால் துடைத்தார். துண்டை முகத்திலிருந்து எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"அதுக்குத்தான் ஓய் அடிச்சேன்" என்றார். "அவன் போயிட்டா நான் யாரோட ஆடறது?"

தரையில் செம்மண் சார் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முனைக்கு ஆள் வரக் காத்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.