கடிகாரக் கட்டையில் டெலிபோன்

"ஐயா, வணக்கம். உங்கள் லைப்ரரியின் புதிய பதிப்பை நேற்று ஏற்றினேன். அதிலிருந்து, குழந்தை அழ வேண்டிய இடத்தில் எருமை கத்துகிறது. இன்று மாலை நான்கு மணிக்கு நாடகம். உடனே ஏதாவது செய்யுங்கள்."

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்த இந்த மின்னஞ்சலை லைப்ரரிக்காரர் மூன்று தடவை படித்தார். முதல் தடவை பயந்துபோய். இரண்டாம் தடவை புரிந்துகொள்ள. மூன்றாம் தடவை, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷத்தில். ஆறு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் கடிதம் அது.

லைப்ரரிக்காரர் என்ற பெயர் மாமியார் உபயம். வாரநாட்களில் அவர் தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் புரோகிராம் எழுதுபவர். வீட்டில் கிடைக்கிற நேரத்தையெல்லாம் சாம்ப்ளர் என்ற பழைய வாத்தியத்துக்குக் கொடுத்திருந்தார். பார்வைக்கு அது ஹார்மோனியத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தத்தைக் கொடுத்து வைக்கிறோமோ, அமுக்கினால் அந்தச் சத்தம் வரும். ஆனால் அதன் ஃபைல்கள் வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாது. அவற்றைப் படிக்கவும் திருப்பி எழுதவும் தேவையான புரோகிராம்களை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தார். அந்தத் தொழிலில் இப்படிப்பட்ட தொகுப்புக்கு லைப்ரரி என்று பேர்.

"எங்க மாப்பிள்ளை சொந்தமா லைப்ரரி வச்சிருக்கார். எல்லாருக்கும் இலவசம்" என்று மாமியார் குடியிருப்பு முழுக்கப் பெருமையடித்ததில், கீழ்வீட்டு ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர் துப்பறியும் நாவல் கேட்டு இரண்டு வாரம் வாசலில் வந்து நின்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கடிதத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டார். நாடகக் குழுவின் ஒலிக்காரர் எடுத்தார்.

"பழைய பதிப்புக்கே போயிடுங்களேன்" என்றார் லைப்ரரிக்காரர்.

"போனேன் சார். ஆனா நேத்து உங்க புதுசு எல்லா ஃபைலையும் திருப்பி எழுதிடுச்சு. பழசு மேலேயே."

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"ஆறு வருஷமா உங்களை நம்பினேன் சார்."

லைப்ரரிக்காரர் பேச்சை மாற்றினார். "என்ன மாதிரி நாடகம்?"

"குடும்பக் கதை சார். தொடக்கத்துலயே அப்பா படுத்த படுக்கையா கிடந்து செத்துடுவார். அப்புறம் பிள்ளைங்க நாலு பேரும் வீட்டுக்கு அடிச்சுக்குவாங்க."

"டைரக்டர் எப்படி?"

"அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

கேட்ட மாத்திரத்தில் லைப்ரரிக்காரருக்கு வியர்த்தது. ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிற காட்சியில் எருமை கத்தினால் என்ன ஆகும்? உட்கார்ந்து தேடினார். சத்தத்தின் வேகத்தைக் குறிக்கும் எண்ணைப் புதுப் பதிப்பு பாதியாக்கி எழுதியிருந்தது. அதனால்தான் குழந்தையின் குரல் தடித்து எருமையாகியிருக்கிறது. கெட்டுப்போன ஃபைல்களைச் சரிபண்ண ஒரு திருத்தம் எழுதி ஒரு மணிக்கு அனுப்பினார். அப்பாடா என்று சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது கவளத்துக்குள் போன் அடித்தது.

பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அழுகை சரியாயிடுச்சு போல!" என்றார் மலர்ந்து.

"ஆயிடுச்சு சார். பத்து நிமிஷமா அழுவுது. நிக்கவே மாட்டேங்குது. பக்கத்துக் கடைக்காரர் வந்து யார் குழந்தை, யாருக்கும் ஈவிரக்கமே இல்லையான்னு சத்தம் போட்டுட்டுப் போறார்."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சத்தம் எங்கே முடியவேண்டும் என்ற குறியைத் திருத்தம் தின்றுவிட்டிருந்தது. அதற்கு ஒரு திருத்தம் போட்டு இரண்டரை மணிக்கு அனுப்பினார். கால் மணி நேரம் போன் வரவில்லை. மூச்சு சீரானது. ஆறிய சாப்பாட்டையும் ருசித்துச் சாப்பிட்டார்.

பிறகு போன் வந்தது.

"சார், இப்ப நிக்குது."

"அப்பாடா!"

"ஆனா எல்லாம் இடம் மாறி உக்காந்திருக்கு. கடிகாரத்தை அமுக்கினா டெலிபோன் அடிக்குது. டெலிபோனை அமுக்கினா நாய் குரைக்குது. நாயை அமுக்கினா ரயில் வருது."

"ரயிலை அமுக்கினா?"

"அமுக்கலை சார். பயமா இருக்கு."

"கட்டை மேல பேரை மாத்தி ஒட்டிக்க முடியாதா?"

"அறுபத்தோரு சத்தம் சார். இருட்டுல உக்காந்து அமுக்கணும். விரல் பழகின பழக்கம் சொன்னா கேக்குமா?"

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். எந்தச் சந்துக்கும் அஞ்சாதவள்.

"கிளம்பு. நேர்ல போய்ச் சரிபண்ணு."

"வழியில எழுதிக்கிட்டே வரணும். கொஞ்சம் பாத்து ஓட்டு."

"நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டினாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ கண்ணைத் திறந்துகிட்டு எழுதினதுதான் இந்த லட்சணத்துல இருக்கு!"

பின் சீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, அவள் முதுகுக்கு முட்டுக்கொடுத்து, லைப்ரரிக்காரர் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு எழுத்து கூடியது, அடுத்ததில் ஒன்று குறைந்தது. மூன்றாவது சிக்னலில் பிடிபட்டது. அந்த வாத்தியம் கட்டைகளை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. இவர் திருத்தம் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்கிறது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற லாரிக்காரர், "சந்தோஷம் சார்" என்றார்.

அரங்கத்தை அடையும்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. மனைவி டிக்கெட் வாங்கி உள்ளே போக, இவர் மேடைக்குப் பின்னாலிருந்த இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறி ஒலி அறைக்குள் விழுந்தார். ஒலிக்காரர் கனத்த மனிதர். நாற்காலி நிறைய உட்கார்ந்து சாம்ப்ளரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"சத்தமெல்லாம் இருக்கற மெமரி கார்டைக் குடுங்க. ரெண்டே நிமிஷம்" என்றார் லைப்ரரிக்காரர்.

"இந்த மெஷினுக்குக் கார்டைப் படிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும் சார். அதுவரைக்கும் ஊமை." ஒலிக்காரர் கீழே காட்டினார். திரை விலகிக்கொண்டிருந்தது. "இனிமே இடைவேளைதான்."

மேடையில் அப்பா கட்டிலில் கிடந்தார். நாலு பிள்ளைகளும் தலைகுனிந்து நின்றார்கள். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"மூத்தவனே," என்றார் அப்பா இழுத்து இழுத்து. "கடிகாரம் ஆறு அடிக்கும்போது என் உயிர் போயிடும்டா."

தலை சாய்ந்தது. ஒலிக்காரரின் விரல், பழகிய விரல், கடிகாரக் கட்டையில் போய் இறங்கியது.

டெலிபோன் மணி அடித்தது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கதைப்படி அப்போது டெலிபோன் அடிக்கவே கூடாது. மணி நின்றபாடில்லை. செத்துப்போன அப்பா ஒரு கண்ணைத் திறந்தார்.

"எடுங்கடா யாராவது! நிம்மதியா சாகக்கூட விட மாட்டேங்கறாங்க!"

அரங்கம் வெடித்தது. சிரிப்பு அலையலையாகக் கிளம்பி ஒலி அறைக் கண்ணாடியில் வந்து மோதியது. லைப்ரரிக்காரர் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"சார்," என்றார் ஒலிக்காரர், குரல் தழுதழுக்க. "சிரிக்கறாங்க சார்."

"தெரியுது. கேக்குது. என்னைக் கொல்லாதீங்க."

அடுத்து, டெலிபோன் மணி கேட்டு இரண்டாவது மகன் எடுத்து மனைவியுடன் கொஞ்ச வேண்டிய இடத்தில் நாய் குரைத்தது. அவன் அசராமல், "கோபத்துல இருக்கியா?" என்று கேட்டான். நாய் குரைக்க வேண்டிய முற்றத்தில் ரயில் புகுந்தது. அப்பாவின் பிணம் கட்டிலைவிட்டு இறங்கி ஓரமாக ஒதுங்கி நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் அவருடைய மனைவி.

'குடும்பமே எதிரியாப் போச்சு' என்று நினைத்துக்கொண்டே அவர் கருமமே கண்ணாகத் திருத்தத்தை முடித்தார். உதிரிக் கார்டு ஒன்றில் எழுதி, மடிக்கணினியில் போட்டு ஹெட்போனில் கேட்டார். கடிகாரம் கடிகாரமாக அடித்தது. குழந்தை குழந்தையாக அழுது, வேண்டிய இடத்தில் நிறுத்தியது. நாய், ரயில், இடி எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. மதியத்திலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. மிச்சப் பாதியையாவது காப்பாற்றிவிடலாம். ஜனங்கள் அழ வேண்டிய இடத்தில் அழுவார்கள்.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. இரும்பு ஏணி அதிர்ந்தது.

டைரக்டர் வந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் மூச்சுவாங்கி வந்து நின்றார்.

லைப்ரரிக்காரர் எழுந்து கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், தப்பு முழுக்க என்னோடது. ஒலிக்காரரைக் கோவிச்சுக்காதீங்க. இதுல எல்லாம் சரியா இருக்கு. இப்பவே மாத்திடலாம்."

டைரக்டர் கார்டைப் பிடுங்கினார். சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். இன்னும் பலமாக அழ ஆரம்பித்தார்.

"ஐயோ, அழாதீங்க சார்," என்று பதறினார் லைப்ரரிக்காரர். "இவ்வளவு உருக்கமான துக்க நாடகத்தை நான் நாசம் பண்ணிட்டேனே!"

டிக்கெட் கிழிக்கும் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துக்க நாடகமா? இது சிரிப்பு நாடகம் தம்பி. எட்டு வருஷமா இதுக்கு டிக்கெட் கிழிக்கிறேன், ஜனங்க சிரிச்சது இன்னிக்குத்தான்."